எம்.பி.ஏ.வுக்குப் போட்ட காசு திரும்புமா? சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். விண்ணப்பங்களைப் படிப்பதும் சம்பளம் பேசுவதும்தான் அன்றாட வேலை. வீடு சுங்கை சிப்புட்டில் என்பதால் தோட்டத்துப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், கோயிலில் பார்க்கிறவர்கள் என்று பலரும் எம்.பி.ஏ. என்ற வணிக நிர்வாக முதுகலைப் படிப்பைப் பற்றிக் கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் சம்பளம் கொடுக்கிறவர் பார்வை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். கட்டணங்கள் வருடாவருடம் மாறுபவை, அதனால் வீச்சாக மட்டும் சொல்கிறேன்.

மலேசியாவில் எம்.பி.ஏ. படிக்க மொத்தம் எவ்வளவு ஆகும்?

அரசுப் பல்கலைக்கழகங்களிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலும் 15,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட் வரை. உள்ளூர்த் தனியார் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய அதே அளவில் தொடங்கி 50,000 வரை போகும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இங்குள்ள கிளைகளில் அதற்கும் மேல்.

விளம்பரத்தில் போடுவது பாடக் கட்டணம் மட்டும்தான். பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், வளக் கட்டணம், பட்டமளிப்பு விழா அங்கி வாடகை எல்லாம் தனி. எல்லாவற்றையும்விட அதிகம் கடிக்கிறது நீட்டிப்புக் கட்டணம். பாடத்திட்டம் வழி படிக்கும் முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும் என்பது நாட்டின் தகுதிக் கட்டமைப்பு விதி. அதில் வகுப்புப் பாடங்களை எப்படியாவது முடித்துவிடுகிறார்கள், கடைசி ஆய்வுத் திட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பு மூன்றரை வருடமாக இழுக்கும்போது ஒவ்வொரு செமஸ்டருக்கும் பணம் கட்டியாக வேண்டும். ஆகவே சேருவதற்கு முன்பே, "முதல் நாளிலிருந்து பட்டம் கையில் வாங்கும்வரை மொத்தம் எவ்வளவு? ஒரு செமஸ்டர் தாமதமானால் எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்குகிற இடத்தில் சேரவே வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்தால் சீக்கிரம் முடியுமே?

முடியும். ஆனால் கணக்கைப் பாருங்கள்.

உங்கள் சம்பளம் இப்போது 3,500 ரிங்கிட், கட்டணம் 25,000, படிப்பு ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டால் 18 மாதச் சம்பளம், அதாவது 63,000 ரிங்கிட், கைக்கு வராது. கட்டணத்தோடு சேர்த்தால் 88,000. படித்து முடித்து மாதம் 500 ரிங்கிட் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), வரி எல்லாம் போகக் கையில் நிற்பது 430 சொச்சம். 88,000ஐ அப்படி மீட்கப் பதினேழு வருடம் ஆகும்.

அதையே வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகப் படித்தால் மீட்க வேண்டியது 25,000 மட்டும். ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். ஒரே பட்டம், ஒரே சம்பள உயர்வுதான்.

சம்பள உயர்வு 1,500 ரிங்கிட்டாக இருந்தால் கதை மாறும். அப்போது முழுநேரப் படிப்புக்கே ஆறு வருடம் போதும். அதனால் யாராவது "எம்.பி.ஏ. லாபமா நட்டமா" என்று கேட்டால், "உங்களுக்கு எவ்வளவு கூடும்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். முடித்தவர்களின் சம்பளம் என்ன என்பது அதற்குப் பதிலாகாது. 8,000 ரிங்கிட் வாங்கிக்கொண்டிருந்த மேலாளர் எம்.பி.ஏ. முடித்து 8,500 வாங்கினால், அவர் பெயரும் "எம்.பி.ஏ. முடித்தவர் 8,500 வாங்குகிறார்" என்ற கணக்கில்தான் சேரும். பட்டம் கொடுத்தது 500 மட்டும்.

அப்படியென்றால் எனக்கு எவ்வளவு கூடும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

முதலில் உங்கள் சொந்த நிறுவனம். உங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு பதவிகளின் வேலை விவரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் முதுகலைப் பட்டம் கேட்கிறார்களா? இப்போது அந்த நாற்காலியில் இருப்பவரிடம் இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்கும் அது தேவைப்படப் போவதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு. படித்து வந்தாலும் பதவி மாறாமல் அந்த வரம்பு மாறாது. எங்கள் பக்கம் "எம்.பி.ஏ. முடித்துவிட்டேன், சம்பளம் ஏற்றுங்கள்" என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வாழ்த்துதான் கிடைக்கிறது. பதவி காலியாகும்போது விண்ணப்பிக்கிறவருக்குத்தான் அந்தப் பட்டம் கைகொடுக்கிறது.

இரண்டாவது, வேலைவாய்ப்புத் தளங்கள். ஈப்போ, பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு என்று தனித்தனியாகத் தேடுங்கள். ஈப்போவில் எம்.பி.ஏ. கட்டாயம் என்று போடும் வேலைகள் குறைவு. "இருந்தால் நல்லது" என்று போடுபவைதான் அதிகம்.

மூன்றாவது, அந்தப் படிப்பை முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். பல்கலைக்கழகமே நிறுத்திவைத்துப் பேசச் சொல்கிற முன்னாள் மாணவரை விட்டுவிட்டு, நீங்களாகத் தேடிப் பிடியுங்கள். உயர்கல்வி அமைச்சு பட்டதாரிகளிடம் நடத்தும் பின்தொடர் ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது பட்டமளிப்பு நேரத்தில் எடுப்பது. ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு படித்தவரின் பழைய சம்பளமும் அதில் கலந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2023இல் நாட்டின் இடைநிலைச் சம்பளம் மாதம் 2,602 ரிங்கிட். பாதிப் பேர் அதற்கும் கீழேதான். "முடித்ததும் பத்தாயிரம்" என்று யாராவது கல்விக் கண்காட்சியில் சொன்னால் இந்த எண் ஞாபகம் இருக்கட்டும்.

ஹார்வர்டில் முடித்தால் வருடத்துக்கு 175,000 டாலர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2024இல் முடித்தவர்களின் இடைநிலை அடிப்படைச் சம்பளம் 175,000 அமெரிக்க டாலர். ஊக்கத்தொகை அதற்கு மேல். ஆனால் அதே வகுப்பில் வேலை தேடியவர்களில் 23 சதவீதம் பேருக்கு, முடித்து மூன்று மாதம் ஆகியும் வேலை அமையவில்லை. 2022இல் அது 10 சதவீதமாக இருந்தது. சம்பளக் கணக்கில் வேலை கிடைத்தவர்கள் மட்டுமே வருவார்கள். சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் நிறுவனம் அனுப்பிப் படித்தவர்களும்கூட அதில் சேரமாட்டார்கள்.

செலவுப் பக்கம், கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 75,000 டாலருக்கு மேல், இரண்டு வருடம். தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்தால் நம் காசுக்கு ஒரு மில்லியன் ரிங்கிட்டைத் தொடும்.

நம் பிள்ளைகள் இந்த எண்ணைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அது அவசரம். அங்கே ஏறத்தாழ பாதி மாணவர்களுக்குக் குடும்ப வசதியைப் பார்த்து உதவித்தொகை கிடைக்கிறது, வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவரின் பிள்ளை கட்டப்போகும் தொகையும், வங்கியாளர் பிள்ளை கட்டப்போகும் தொகையும் ஒன்றாக இருக்காது. கடினம் உள்ளே நுழைவதில்தான். நான்கைந்து வருட நல்ல வேலை அனுபவம், உயர்ந்த மதிப்பெண், சொல்வதற்குச் சொந்தமாக ஒரு கதை, இத்தனையும் வேண்டும். முடித்தபின் அமெரிக்காவில் தொடர்ந்து வேலை செய்ய எச்-1பி விசா வேண்டும், அதற்குக் குலுக்கல். குலுக்கலில் விழாமல் ஊர் திரும்பினால் டாலர் கடனை ரிங்கிட் சம்பளத்தில் கட்ட வேண்டியிருக்கும்.

தரவரிசைப் பட்டியல்களில் சம்பளமும் போடுகிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். உதாரணத்துக்கு, ஃபைனான்சியல் டைம்ஸ் பட்டியலில் வருவது முடித்து மூன்று வருடம் ஆனவர்களின் சம்பளம். அதையும் அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்றபடி சரிசெய்து டாலரில் போடுவார்கள். விலைவாசி குறைந்த நாட்டில் வாங்கும் சம்பளம் அந்தக் கணக்கில் ஊதிப்பெருக்கித் தெரியும். இந்தியாவின் ஐ.ஐ.எம்.களில் படித்தவர்களின் டாலர் சம்பளம் பட்டியலில் அவ்வளவு உயரத்தில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, அரசுத் துறையிலும் லாப நோக்கமில்லாத அமைப்புகளிலும் இருப்பவர்களின் சம்பளத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடங்களைத் தங்களுக்குள் ஒப்பிட அது உதவலாம். உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும் என்று பார்க்க உதவாது.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே எங்கே படிக்கலாம்?

ஈப்போவில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் மையங்கள் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே அமைந்தவை. ஈப்போவிலேயே குவெஸ்ட் பல்கலைக்கழகம், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கின்றன. வார இறுதி வகுப்புக்காகக் கோலாலம்பூர் போகிறவர்களும் இருக்கிறார்கள். இ.டி.எஸ் ரயில் நம் ஊரிலேயே நிற்பதால் அது முடியாத காரியமில்லை. ஆனால் போக வர டிக்கெட், ஒரு இரவு தங்கல், சாப்பாடு என்று இரண்டு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். கட்டணம் குறைவு என்று தேர்ந்தெடுத்த அரசுப் பல்கலைக்கழகம், பக்கத்தில் இருக்கும் தனியாரைவிட அதிகச் செலவில் முடியலாம்.

அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடியதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு, அதே பெயரில், அதே படிப்பு முறையில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஆறே மாதத்தில், மலிவு விலையில், தேர்வில்லாமல் எம்.பி.ஏ. தருகிறோம் என்று வாட்சப்பில் விளம்பரம் வரும் பட்டத்தை நாங்கள் விண்ணப்பத்தில் பார்த்தால் மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் படிப்போம்.

ஏ.ஏ.சி.எஸ்.பி. போன்ற அனைத்துலக அங்கீகாரம் இருந்தால் நல்லது. பன்னாட்டு நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகிற எண்ணம் இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டலாம். பேராவிலேயே வேலை என்றால் அதற்காக 20,000 ரிங்கிட் கூடக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எனக்கு டிகிரி இல்லை. பதினைந்து வருடம் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கிறேன். சேர முடியுமா?

முடியலாம். வேலை அனுபவத்தையும் தகுதியாக எடுத்துக்கொள்ளும் எம்.கியூ.ஏ.வின் ஏப்பெல் என்ற வழி இதற்குத்தான். முதுகலைக்கு 30 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா அளவிலான கல்வி வேண்டும், சம்பந்தப்பட்ட வேலை அனுபவம் வேண்டும். பிறகு அவர்கள் வைக்கும் மதிப்பீட்டில் தேற வேண்டும். எஸ்.பி.எம்.மோடு நின்றவர்கள் நேரடியாக முதுகலைக்குத் தாவ முடியாது.

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தப் பட்டம் அதிகம் பலன் தருகிறது என்பது என் எண்ணம். அனுபவம் கையில் இருக்கிறது, காகிதம் இல்லாததால்தான் உதவி மேலாளர் நாற்காலி தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியை அடைப்பதற்கு 20,000 ரிங்கிட் அதிகமில்லை.

என் மகள் இப்போதுதான் டிகிரி முடித்தாள். வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பதற்குப் பதிலாக எம்.பி.ஏ. படிக்கட்டுமா?

வேண்டாம், அம்மா. வேலை அனுபவமே இல்லாமல் எம்.பி.ஏ.வோடு வருகிற பிள்ளையை நாங்கள் புதுப் பட்டதாரி சம்பளத்தில்தான் எடுப்போம். சில இடங்களில் "அதிகம் படித்துவிட்டாள், நிலைக்கமாட்டாள்" என்று எடுக்காமலும் விடுவார்கள். இரண்டு மூன்று வருடம் எங்காவது வேலை செய்யட்டும். தனக்குக் கணக்கு வருகிறதா, விற்பனை வருகிறதா, ஆள் நிர்வாகம் வருகிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். அப்புறம் படித்தால் வகுப்பில் சொல்வதும் புரியும், கட்டணத்துக்கு அவள் சம்பளமும் இருக்கும்.

பணத்துக்கு வழி என்ன? பி.டி.பி.டி.என். (அரசின் உயர்கல்விக் கடன்) கிடைக்குமா?

பி.டி.பி.டி.என்.ஐ டிப்ளோமாவுக்கும் முதல் பட்டத்துக்குமான கடனாகவே நினைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.ஏ.வுக்கு அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். பழைய பாக்கி இருந்தால் முதலில் அதை ஒழுங்காகக் கட்டி வாருங்கள்.

இ.பி.எஃப்.பில் கல்விக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது: ஓய்வுக்காலக் கணக்கு 75 சதவீதம், செஜாதெரா 15, ஃபிளெக்சிபல் 10. கல்விக்கான பணம் செஜாதெராவிலிருந்து வரும். எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு: 35 வயதில் எடுக்கும் 20,000 ரிங்கிட், 5.5 சதவீத லாப ஈவில் அங்கேயே இருந்தால் 55 வயதில் 58,000 ஆகியிருக்கும். வட்டி இல்லாத பணம் என்று நினைத்து எடுக்கிறவர்கள் இதையும் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வங்கியின் தனிநபர் கடனில் விளம்பர வட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 20,000 ரிங்கிட், 6 சதவீத நிலையான வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் 433 ரிங்கிட் கட்டுவீர்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாது என்பதால் உண்மையான வட்டி 11 சதவீதத்தை ஒட்டி வரும். மேலே சொன்ன 430 ரிங்கிட் சம்பள உயர்வு அப்படியே வங்கிக்குப் போகிறது பாருங்கள். கூடுமானவரை செமஸ்டருக்குச் செமஸ்டர் சம்பளத்திலிருந்தே கட்டுங்கள்.

சொந்தப் பணத்தில் முதுகலைக் கட்டணம் கட்டுகிறவருக்கு வருமான வரியில் 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. அந்த 7,000 அப்படியே திரும்பி வராது. 11 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு 770 மிச்சமாகும், 6 சதவீதத்தில் இருப்பவருக்கு 420. இரண்டு வருடமாகப் பிரித்துக் கட்டினால் இரண்டு வருடமும் கேட்கலாம்.

நிறுவனம் பாதி கட்டுமா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டினால் இத்தனை வருடம் விலகக்கூடாது என்று ஒப்பந்தம் போடுவார்கள், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்பா அம்மா தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பழைய உறுப்பினராக இருந்தால், முதுகலைக்கு ஏதாவது உதவி உண்டா என்று ஒரு போன் போட்டுப் பாருங்கள். நம் ஊர் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து உருவாக்கியது. பல வீடுகளில் அந்த உறுப்பினர் அட்டை அலமாரியில்தான் கிடக்கிறது.

தோட்டத்தில் உதவி நிர்வாகியாக இருக்கிறேன். எம்.பி.ஏ. உதவுமா?

தோட்டத்திலேயே மேலே போக வேண்டும் என்றால் ஐ.எஸ்.பி. தேர்வுகளை முதலில் பாருங்கள். 1919இல் தொடங்கிய தோட்ட நிர்வாகிகள் சங்கம் அது. மண், உரம், செம்பனை வளர்ப்பு, தோட்டக் கணக்கு என்று உங்கள் வேலைக்கே நேராக வரும். எம்.பி.ஏ. உதவுவது தலைமை அலுவலகத்துக்கு மாறும்போது. கிராணி வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டையும்விட ஒரு கணக்கியல் தகுதி சீக்கிரம் பலன் தரும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர்.

உங்கள் சம்பளம் பதவித் தரத்தைப் பொறுத்தது. எம்.பி.ஏ.வால் அது தானாக ஏறும் என்று எண்ண வேண்டாம். படிக்க ஆசை என்றால் அமைச்சின் கல்விச் சலுகைகளுக்கு விண்ணப்பித்துப் படியுங்கள், கைக்காசைப் போடாதீர்கள். கல்வி நிர்வாகத்தில் முதுகலை என்றால் தலைமையாசிரியர் பாதைக்காவது பொருந்தும்.

சிங்கப்பூர் போக எம்.பி.ஏ. உதவுமா?

அங்கே வேலை செய்ய வேண்டிய அனுமதியான எம்பிளாய்மென்ட் பாஸின் புள்ளி முறையில் தகுதிக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. சாதாரண டிகிரிக்கு 10 புள்ளி. அதன் மேல் உள்ளூர் எம்.பி.ஏ. வைத்தாலும் அதே 10தான். அவர்கள் பட்டியலில் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகமாக இருந்தால் 20. 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி, வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஆக, அங்கே போக வழிவிடுவது அந்தச் சம்பளத்தைக் கொடுக்கத் தயாராக இருக்கிற முதலாளிதான்.

எம்.பி.ஏ. என்றால் நல்ல வரன் வருமா?

இந்தக் கேள்வியும் வருகிறது. எங்கள் பிரிவில் அதற்குப் புள்ளிவிவரம் இல்லை.

ஜிமேட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா?

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கேட்பதில்லை. டிகிரி மதிப்பெண்ணும் வேலை அனுபவமும் பார்ப்பார்கள், சில இடங்களில் நேர்காணல் உண்டு. வெளிநாட்டின் பெரிய பள்ளிகளுக்கு ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. தேவைப்படும். புதிய ஜிமேட் இரண்டேகால் மணி நேரத் தேர்வு, மதிப்பெண் 205இலிருந்து 805 வரை. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். ஆகவே வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வருடத்தில், படிக்கும் பழக்கம் விட்டுப்போவதற்குள் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.